டயர்த் தொட்டியில் காய்கறி: வாடிய செடிகளைத் தோண்டிப் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு குடியிருப்பின் பின்புறம், வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டி, பழைய கார் டயர்களில் போட்ட காய்கறித் தோட்டம் இது. முதல் பருவத்தில் நன்றாகவே வந்தது. வெயில் ஏறிய பிறகு பாதிக்கு மேல் செடிகள் மதியத்தில் தலை தொங்கின, பூ உதிர்ந்தது, கீழ் இலைகள் மஞ்சளாகி விழுந்தன. தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குள் இரண்டு கட்சி. டயரில் இருக்கிற விஷம்தான் செடியைக் கொல்கிறது, எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள் என்றது ஒன்று. உலகம் முழுக்க டயரில் வளர்க்கிறார்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை, தண்ணீர் சரியாக ஊற்றினால் போதும் என்றது இன்னொன்று. என்னை வந்து பார்க்கச் சொன்னார்கள். பார்த்ததையும் தோண்டியதையும் மாற்றியதையும் இங்கே எழுதுகிறேன். டயரில் வளர்க்க நினைக்கும் எவருக்கும் இதே சிக்கல்கள் இதே வரிசையில் வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடிகளை வாட்டியது டயரின் ரசாயனம் இல்லை, சூடும் தேங்கிய தண்ணீரும்தான். அதற்காக ரசாயனத்தைப் பற்றிய பயம் வீண் என்று ஆகிவிடாது. அந்தப் பயம் செடியைப் பற்றியது இல்லை, அதைச் சாப்பிடுகிறவரைப் பற்றியது, அதற்கான பதில் நீங்கள் டயரில் எதை நடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் அந்தத் தோட்டத்தில் இரண்டு கட்சிக்கும் பதில் கிடைக்காமல் இருந்தது.

தோட்டம் எப்படி இருந்தது

டயர்கள் பெரும்பாலும் 195/65ஆர்15 அளவு. டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் எவ்வளவு மண் பிடிக்கும் என்று முன்பே கணக்குப் போடலாம். 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். டயரைப் படுக்க வைத்தால் அதுதான் உயரம், ஏறக்குறைய 20 செ.மீ. 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 15 என்பது நடு ஓட்டையின் விட்டம், அங்குலத்தில், அதாவது 38 செ.மீ. மொத்த விட்டம் 63 செ.மீ. சுற்று வரும். மேல் பக்கச்சுவரை வெட்டி எடுத்துவிட்டால் சுமார் 50 லிட்டர் மண் கொள்ளும், ஒரு செடிக்கு இது தாராளம், ஆனால் ஆழம் 20 செ.மீ.தான். மிளகாய் சமாளித்துவிடும். தக்காளிக்கும் கத்தரிக்கும் 30 செ.மீ.யாவது வேண்டும், எனவே அடியில் வேர் இறங்க மண் இருக்கிறதா, இல்லை சிமெண்ட் தரையா என்பது பெரிய விஷயமாகிறது.

இங்கே இரண்டும் இருந்தன, அதுதான் எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். மேற்குப் பக்கம் ஒரு வரிசை சிமெண்ட் தரையில், கறுப்பு டயர்கள் அப்படியே, மண் கொட்டிவிடாமல் இருக்க அடியில் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் "வடிகாலுக்காக" ஒரு அடுக்கு ஜல்லி, அதன் மேல் மண்கலவை. கிழக்குப் பக்கம் இன்னொரு கூட்டம் வெறும் மண்தரையில், அடியில் எதுவும் இல்லாமல், டயர்கள் ஒன்றை ஒன்று தொட்டபடி. இவற்றில் சிலவற்றுக்குக் குழந்தைகள் வெளிர் மஞ்சளும் வெள்ளையும் பூசியிருந்தார்கள். மூலையில் உருளைக்கிழங்குக்காக டயர்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய ஒரு கோபுரம். எல்லாவற்றுக்கும் பின்னால், இன்னும் பயன்படுத்தாத டயர்களின் குவியல்.

மண்கலவை எல்லாவற்றிலும் ஒன்றுதான். நாற்றும் ஒரே இடத்திலிருந்து வந்தது, தண்ணீர் ஊற்றுகிறவரும் ஒருவரே. டயரின் ரசாயனம்தான் காரணம் என்றால் கிழக்கிலும் மேற்கிலும் செடிகள் ஒரே மாதிரி வாட வேண்டும். கிழக்கில் செடிகள் நிமிர்ந்து நின்றன. மேற்கில்தான் சாவு.

தோண்டியதில் கண்டது

"தம்பி, ஊத்த ஊத்த வாடுது, என்ன பண்றது" என்று தண்ணீர் ஊற்றும் அம்மா கேட்டார். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. ஊற்ற ஊற்ற வாடும் செடிக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை, தண்ணீரை உறிஞ்சும் வேர்தான் இல்லை.

மேற்கு வரிசையில் மிக மோசமாக வாடிய ஒரு தக்காளியை, அதைக் காப்பாற்ற முடியாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு, டயரை நறுக்கி முழு மண்ணுடன் வெளியே எடுத்தோம். வேர்ப் பந்தில் மூன்று பகுதி தெளிவாகத் தெரிந்தது. மதிய வெயில் படாத கிழக்குப் பாதியில் வேர்கள் வெள்ளையாக, உயிருடன். டயர்ச் சுவரை ஒட்டிய மேற்குப் பக்கத்தில் பழுப்பாகக் காய்ந்து, தொட்டால் உதிரும் நிலை. அடியில் ஜல்லிக்கு மேலே கறுத்து, வழவழப்பாக, முட்டை அழுகிய வாடை. ஒரே தொட்டியில் ஒரு பக்கம் வெந்திருக்கிறது, ஒரு பக்கம் அழுகியிருக்கிறது, நடுவில் மிச்சமிருக்கும் கொஞ்சம் வேர் முழுச் செடியையும் தாங்கப் பார்த்திருக்கிறது.

இலையும் அதையே சொன்னது. டயரிலிருந்து மண்ணுக்குப் போகக்கூடியவற்றில் செடியை நேரடியாகப் பாதிப்பது துத்தநாகம். அது அதிகமானால் செடி இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் திணறும், அதன் அடையாளம் இளம் இலைகளில், மேலே, நரம்பு பச்சையாக இருக்க நடுப்பகுதி மட்டும் வெளுப்பது. இங்கே மஞ்சளானவை கீழே இருந்த முதிர்ந்த இலைகள், அதுவும் முழு இலையாக. வேர் மூச்சு முட்டும்போதும் தழைச்சத்து குறையும்போதும் வரும் மஞ்சள் அது. டயரில் வளர்க்கிறவர்கள் இந்த ஒரு வேறுபாட்டையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மேல் இலை வெளுத்தால் ஒரு கதை, கீழ் இலை மஞ்சளானால் வேறு கதை.

சூடு

கறுப்பு ரப்பர் வெயிலை அப்படியே வாங்கிக்கொள்கிறது. டயரைக் கறுப்பாக்குவது அதில் சேர்க்கும் கார்பன் பிளாக் என்ற கரித்தூள், எடையில் கால் பங்கு வரைகூட இருக்கும், ரப்பர் தேயாமலும் வெயிலில் சிதையாமலும் இருக்க அது வேண்டும். சாலையில் ஓட அது நல்லது, மண்ணைப் பிடித்து வைக்க நல்லதில்லை. நாற்றுப்பண்ணைகளில் கறுப்புத் தொட்டிகளை முழு வெயிலில் வைத்து அளந்தபோது வெயில் படும் பக்கத்து மண் 50 டிகிரியைக்கூடத் தாண்டியிருக்கிறது. பெரும்பாலான காய்கறிகளின் வேர் 35 டிகிரிக்கு மேல் வளர்வதைக் குறைத்துக்கொள்ளும், 40-க்கு மேல் சாகத் தொடங்கும். சிமெண்ட் தரை வேறு அடியிலிருந்து சூட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பூ உதிர்ந்ததற்கு முழுப் பழியையும் டயர் மேல் போட முடியாது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தொடும் நாட்களில் தக்காளி எந்தத் தொட்டியில் இருந்தாலும் பூவை உதிர்க்கும், மகரந்தம் கெட்டுவிடும். ஆனால் கிழக்கில் வெளிர் நிறம் பூசிய டயர்களில் இருந்த தக்காளி, பூவை உதிர்த்தாலும், வெயில் தணிந்ததும் மறுபடி பூத்துக் காய்த்தது. மேற்கில் இருந்தவற்றுக்கு அந்தத் திரும்பி வரும் தெம்பு இல்லை, வேர் போய்விட்டது.

ஜல்லி என்ற நல்லெண்ணத் தவறு

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், நல்ல தோட்டக்காரர்கள்கூட. நடப்பது நேர் எதிர். பொடியான மண், தண்ணீரைத் தன் நுண்துளைகளில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கீழே பெரிய இடைவெளி கொண்ட ஜல்லி வந்ததும், மண் முழுக்க ஊறித் தண்ணீர் கனத்தால் தானே கீழே விழும்வரை ஒரு சொட்டும் இறங்காது. எனவே மண்ணும் ஜல்லியும் சந்திக்கும் இடத்துக்கு மேலே எப்போதும் ஊறிப்போன ஒரு அடுக்கு நிற்கும். ஜல்லி இல்லாவிட்டால் அந்த ஈர அடுக்கு தொட்டியின் அடியில் இருந்திருக்கும், ஜல்லி போட்டதால் அது மேலே, வேருக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. 20 செ.மீ. ஆழத்தில் 5 செ.மீ. ஜல்லிக்கும் இன்னொரு 5 செ.மீ. ஈர அடுக்குக்கும் போனால் வேருக்கு மிஞ்சுவது 10 செ.மீ. இங்கே அடியில் ஓட்டையே இல்லாத பிளாஸ்டிக் தாளும் சேர்ந்துகொண்டது. மதியத்தில் செடி வாடுவதைப் பார்த்து மறுபடி தண்ணீர், அதனால் இன்னும் அழுகல், இன்னும் வாட்டம்.

டயருக்கு இன்னொரு தனிக் குணம் உண்டு. கீழ்ப் பக்கச்சுவர் உள்பக்கமாகக் குழிந்து ஒரு வளையம் போல இருக்கும், அந்தக் குழியில் நிற்கும் தண்ணீருக்கு நடு ஓட்டை வழியாக வெளியேற வழியே கிடையாது. எனவே கீழ்ப் பக்கச்சுவரில், தரையைத் தொடும் மிகத் தாழ்ந்த இடத்தில், சுற்றிலும் விரல் பருமனுக்கு ஓட்டைகள் போட வேண்டும். மண்தரையில் வைத்தாலும் இதைச் செய்துவிடுவது நல்லது.

சரி, ரசாயனம்

செடி வாடியதற்குக் காரணம் அது இல்லை என்று தெரிந்ததும் "பார்த்தீர்களா, டயர் பாதுகாப்பானது" என்று ஒரு கட்சி கிளம்பியது. அதுவும் சரியில்லை. செடி செழிப்பாக நிற்பதை வைத்து உணவு பாதுகாப்பானது என்று முடிவு கட்ட முடியாது.

டயர் என்பது வெறும் ரப்பர் இல்லை. இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கரித்தூள், எஃகுக் கம்பி, நூலிழை, எண்ணெய், கந்தகம், துத்தநாக ஆக்சைடு, முதுமையைத் தள்ளிப்போடும் வேதிப்பொருட்கள் என்று ஒரு பெரிய கலவை. துத்தநாக ஆக்சைடு எடையில் 1 முதல் 2 சதவீதம் இருக்கும், அதாவது 9 கிலோ டயரில் 90 கிராமாவது. ரப்பரையும் கந்தகத்தையும் பிணைக்க அது உதவுகிறது. மண் புளிப்பாக இருந்தால், அதாவது பிஎச் 6-க்குக் கீழே போனால், துத்தநாகம் அதிகமாகக் கரையும். ஆறுதல் என்னவென்றால் துத்தநாகம் மனிதருக்குத் தீங்காகும் அளவுக்குச் சேர்வதற்கு முன்பே செடி நோய்ப்பட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். துத்தநாக ஆக்சைடோடு அழுக்காகக் கொஞ்சம் வரக்கூடிய காட்மியம் அப்படி இல்லை, செடி சொகுசாக நின்றபடியே அதை இலையில் சேர்த்துக்கொள்ளும், கீரை வகைகள் இதில் முன்னணி. மண்ணின் பிஎச்சை 6.5-க்கும் 7-க்கும் இடையில் வைத்தால் இரண்டுமே அடங்கும். அம்மோனியம் சல்பேட், யூரியா இரண்டையும் அளவில்லாமல் போட்டால் மண் மெல்ல மெல்லப் புளிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எண்ணெய். பழைய டயர்களில் சேர்த்த எண்ணெய்களில் புற்றுநோயோடு தொடர்புடைய பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் நிறைய இருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி 1 முதல் இதற்கு வரம்பு வைத்தது. எண்ணெயில், அவற்றில் ஒன்றான பென்சோபைரீன் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, பட்டியலிட்ட எட்டுச் சேர்மங்களும் சேர்ந்து 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எனவே டயரின் வயது முக்கியம். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000-க்கு முந்தையது, அதில் உணவுச் செடி எதுவும் வைக்க வேண்டாம். இந்தத் தோட்டத்தில் அப்படிப்பட்டவையும் இருந்தன, அவற்றைப் பூச்செடிகளுக்கு ஒதுக்கிவிட்டோம்.

இந்த ஹைட்ரோகார்பன்கள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை, மண்ணின் மக்கிய பொருட்களோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், தண்டு வழியாக ஏறிக் காய்க்குப் போவது மிகக் குறைவு. ஆனால் மண்ணைத் தொட்டபடி வளரும் கிழங்கின் தோலில், கேரட்டின் தோலில், அவை ஒட்டும்.

எனக்கு உண்மையான கவலை தருவது 6பிபிடி. காற்றில் உள்ள ஓசோனால் டயரில் வெடிப்பு விழாமல் இருக்க உலகம் முழுக்கச் சேர்க்கும் பொருள் இது. தானே ஓசோனோடு சேர்ந்து ரப்பரைக் காக்கும், அப்படிச் சேரும்போது 6பிபிடி குயினோன் என்ற வேறொரு பொருளாகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் மழை பெய்தவுடன் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம் இதுதான் என்று 2020 டிசம்பரில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் பிறகு வியன்னா பல்கலைக்கழகத்தில் லெட்டூஸ் செடிகளைச் சத்துக் கரைசலில் வளர்த்து, அதில் டயர் சேர்மங்களைக் கலந்து பார்த்தபோது, வேர் அவற்றை உறிஞ்சி இலை வரை கொண்டுபோனது, செடிக்குள் அவை வேறு பொருட்களாகவும் மாறின.

இந்த ஆய்வை எடுத்துக்காட்டி டயர்த் தோட்டமே நஞ்சு என்பவர்கள், அது மண்ணில்லாத கரைசல், அதில் வேண்டுமென்றே சேர்த்த சேர்மங்கள் என்பதை விட்டுவிடுகிறார்கள். முழு டயருக்கும் பொடித்த டயருக்கும் உள்ள வேறுபாடும் பெரிது. ஒரு செ.மீ. கட்டி ஒன்றின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ., அதையே ஒரு மி.மீ. துகள்களாக்கினால் 60 சதுர செ.மீ. கல் உப்பைவிடத் தூள் உப்பு சீக்கிரம் கரைவது போலத்தான். எனவே டயர்த் துகளை மண்ணின் மேல் பரப்பும் மூடாக்காகவோ மண்ணிலோ ஒருபோதும் போடாதீர்கள். அதே காரணத்தால் டயரை வெட்டும்போது விழும் தூளும் ஆபத்து. வெட்டும் வேலையைத் தோட்டத்துக்கு வெளியே, துணி விரித்து, கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்துச் செய்து, டயரைக் கழுவிவிட்டுக் கொண்டுவாருங்கள். கார் டயரின் பக்கச்சுவரைக் கூரான கத்தியே வெட்டும். தரையில் ஓடும் பகுதியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் உண்டு, அதைத் தொட வேண்டாம். லாரி டயர்களில் பக்கச்சுவரிலேயே கம்பி இருக்கும், வீட்டில் வெட்டப் பார்க்காதீர்கள்.

ஆக, முழு டயரில், மண்ணில் வளரும் ஒரு தக்காளியில் எவ்வளவு போய்ச் சேரும்? கரைசலில் வளர்த்த லெட்டூஸைவிட மிகக் குறைவாக இருக்கும் என்று நினைக்க நல்ல காரணங்கள் உண்டு. சாதாரண மண் பரிசோதனைக் கூடங்கள் துத்தநாகம், காட்மியம், பிஎச் பார்ப்பார்கள், 6பிபிடி குயினோன் பார்க்க மாட்டார்கள். அப்படியிருக்க, குழந்தைகள் சாப்பிடும் தோட்டத்தில் நான் கணக்கை எப்போதும் பயத்தின் பக்கம் சாய்த்துத்தான் போடுவேன்.

எதை நடலாம் என்று முடிவானது

கீரை, லெட்டூஸ், கொத்தமல்லி போல இலையைச் சாப்பிடும் எதுவும் டயரில் கிடையாது. முள்ளங்கி, கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு கிடையாது. அவற்றைத் தரையில் நேரடியாகப் பாத்தி போட்டு மாற்றினோம், இடம் போதவில்லை, சண்டைகூட வந்தது, ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. டயரில் இருப்பவை தக்காளி, மிளகாய், கத்தரி, குடைமிளகாய், வெண்டை, பந்தலில் ஏறும் பீன்ஸ்.

ஒரு விதிவிலக்கைப் பலரும் அறியாமல் தவறு செய்கிறார்கள். காய்தானே, பாதுகாப்பு என்று சுக்கினியையும் அதன் இனத்தைச் சேர்ந்த பூசணிகளையும் டயரில் வைப்பார்கள், படர்ந்து தொங்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் குக்குர்பிட்டா பெப்போ என்ற அந்த இனம், தண்ணீரில் கரையாத மாசுகளைக்கூட வேர் வழியாக இழுத்துத் தண்டுக்கும் காய்க்கும் ஏற்றுவதில் மற்றக் காய்கறிகளைவிட விசேஷத் திறன் கொண்டது. டிடிடி என்ற பழைய பூச்சிக்கொல்லியின் மிச்சம் இருக்கும் நிலங்களில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். டயருக்கு இந்தக் குடும்பமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உருளைக்கிழங்குக் கோபுரத்தைக் கலைத்தோம். டயரை அடுக்கி மண்ணை ஏற்றிக்கொண்டே போனால் அடுக்குக்கு அடுக்கு கிழங்கு வரும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. பெரும்பாலான ரகங்கள் நட்ட விதைக்கிழங்கை ஒட்டி ஒரு மட்டத்தில்தான் கிழங்கு வைக்கும். கலைத்தபோது கிழங்கெல்லாம் ஒரே மட்டத்தில்தான் இருந்தது, மேல் அடுக்குகளில் காய்ந்த மண் மட்டும்.

குவியல்

எல்லாவற்றையும்விட அவசரமாக நான் கைவைத்தது தோட்டத்தில் இல்லை, பின்னால் கிடந்த டயர்க் குவியலில். ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர், அதில் நெளியும் கொசுப்புழு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுக்களுக்கு டயரைப் போல ஏற்ற இடம் அரிது. இருட்டு, நிழல், சருகு விழுந்து ஊறிய தண்ணீர், காற்றில் வற்றாது. முட்டைகளைத் தண்ணீர் விளிம்புக்கு மேலே ஒட்டி வைக்கும், அவை காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழையில் பொரிக்கும். ஏடிஸ் வகையைச் சேர்ந்த ஆசியப் புலிக் கொசு 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பரவியிருந்ததைக் கண்டார்கள், அது வந்த வழி ஆசியாவிலிருந்து கப்பலில் இறக்குமதியான பழைய டயர்கள். எனவே தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவிக் கூரைக்கடியில் அடுக்க வேண்டும். கழுவி அடுக்கி, தோட்டத்துக்குத் தேவையில்லாதவற்றை மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுத்துவிட்டோம். செடி இருக்கும் டயர்களிலும் மேல் உதட்டுக்குள் மண் இறங்கிக் குழி விழுந்தால் அங்கும் தண்ணீர் நிற்கும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் விரலை விட்டுப் பார்த்து மண்ணால் அடைக்க வேண்டும். இதில் சோம்பல்படுகிறவர் டயரில் தோட்டம் போடாமல் இருப்பதே அக்கம்பக்கத்துக்கு நல்லது.

மாற்றியவை

மேற்கு வரிசையை முழுக்கக் கலைத்தோம். ஜல்லி வெளியே, பிளாஸ்டிக் தாள் வெளியே. மண்தரை இருக்கிற இடத்துக்கு நகர்த்த முடிந்தவற்றை நகர்த்தி, அடியில் மண்ணைக் கொத்திவிட்டு அதன் மேல் வைத்தோம், வேர் இறங்கட்டும் என்று. சிமெண்ட் தரையிலேயே இருக்க வேண்டியவற்றுக்கு வேறு வழி. மேல் பக்கச்சுவரை வெட்டாமல் இரண்டு டயர்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, நடு ஓட்டைக்குள் 35 செ.மீ. விட்டமுள்ள துணிப்பையை இறக்கி அதில் மண். சுமார் 36 லிட்டர் பிடிக்கும், ஆழம் கிட்டத்தட்ட 38 செ.மீ., தக்காளிக்குப் போதுமானது. மண் டயரைத் தொடுவதே இல்லை, டயருக்குள் இருக்கும் காற்று சூட்டையும் தடுக்கிறது. ரசாயனம், சூடு இரண்டுக்கும் ஒரே மருந்து என்பதால் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இதுதான். ஆனால் பையிலிருந்து வடியும் தண்ணீர் கீழ்க் குழிக்குள் நிற்காமல் இருக்க ஓட்டைகள் கட்டாயம், மேலே பைக்கும் டயருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கொசு நுழையாதபடி வலைத்துணியால் மூடவும் வேண்டும்.

நேரடியாக மண் போட்ட டயர்களில் உள்சுவரை மட்டும் மூடும்படி கனமான பாலித்தீன் தாளை வளைத்து வைத்து, அடியைத் திறந்தே விட்டோம். வெளிப்புறத்துக்கு வெளிர் நிறத்தில், தண்ணீர் கலந்து பூசும் சுவர்ப் பெயின்ட். பழைய எண்ணெய்ப் பெயின்ட் மிச்சத்தை எடுத்துப் பூச வந்தார்கள், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் மறுத்துவிட்டேன். பிறகு மண் மேல் 5 செ.மீ. மூடாக்கு, காய்ந்த சருகும் வைக்கோலும். டயர்களை நெருக்கி வைத்ததால் ஒன்றின் நிழல் மற்றதன் மேல் விழுந்தது, அப்புறம் மேற்கு ஓரத்தில் மட்டும் சாக்குத் துணி தொங்கவிட்டோம்.

அடுத்து வந்த வெயிலில் அதே ரகத் தக்காளி மதியத்தில் கொஞ்சம் தளர்ந்தாலும் மாலையில் தானே நிமிர்ந்தது. மிளகாய்க்கு எதுவுமே ஆகவில்லை. கத்தரியில் ஒன்றிரண்டு மறுபடியும் வாடின, தோண்டிப் பார்த்ததில் அவை பழைய அழுகல் மண்ணை அப்படியே திரும்பப் போட்டவை. தண்ணீர் ஊற்றும் அம்மா இப்போது ஊற்றுவதற்கு முன் மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்க்கிறார். இந்த மாற்றங்கள் எல்லாவற்றிலும் அதிகம் பலன் தந்தது அதுவாகவும் இருக்கலாம்.

மாடிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள்

தோட்டம் நன்றாக வந்ததும் வரும் அடுத்த ஆசை இது. கணக்குப் பாருங்கள். 50 லிட்டர் ஈர மண் 65 கிலோவாவது இருக்கும், டயர் 9 கிலோ. நெருக்கி வைத்தால் ஒரு டயருக்கு 0.4 சதுர மீட்டர் இடம், அதாவது சதுர மீட்டருக்கு 185 கிலோ. வீட்டுத் தளங்களைப் பொதுவாக 150 முதல் 200 கிலோ வரை தாங்கும்படிதான் கட்டுகிறார்கள், அதில் ஆட்கள் நடமாடும் எடையும் அடக்கம். எனவே மாடி முழுக்க மண் நிரப்பிய டயர் என்பது கட்டடப் பொறியாளர் பார்க்காமல் கூடவே கூடாது. தேங்காய் நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்த லேசான கலவை போட்டால் எடை கணிசமாகக் குறையும், சுவர்களை ஒட்டி மட்டும் வைத்தால் இன்னும் நல்லது. எனக்குக் கேட்டால் மாடிக்கு டயரே வேண்டாம், துணிப்பை போதும்.

எப்போது ஓய்வு கொடுப்பது

டயர் சிதைய மிக நீண்ட காலம் ஆகும், ஆனால் வெயில் படும் மேல்பரப்பு அதற்கு வெகு முன்பே வெடிக்கத் தொடங்கும். விரலால் தேய்த்தால் கறுப்புத் தூள் ஒட்டினாலோ, பக்கச்சுவரில் சன்னமான வெடிப்பு வலை போலப் பரவினாலோ, ரப்பர் துகளாகத் தொடங்கிவிட்டது என்று பொருள், முழு டயர் என்ற பாதுகாப்பு போய்விட்டது. அந்த டயரில் அதன் பிறகு காய்கறி கிடையாது. பெயின்ட் இதைத் தள்ளிப்போடும், ஆனால் பெயின்ட் உரிந்த இடத்தில் வெடிப்பு சீக்கிரம் வரும், எனவே வருடம் ஒருமுறை பார்த்துப் பூச வேண்டும். அதிலிருந்து எடுத்த மண்ணைக் கீரைப் பாத்தியில் கொட்டாமல் பூச்செடிக்கோ மரத்தடிக்கோ போடுங்கள்.

வெடித்த டயரை எரிக்க நினைக்காதீர்கள், உலர்ந்த சருகுக் குவியலுக்கோ அடுப்புக்கோ பக்கத்தில்கூட வைக்காதீர்கள். டயர் எளிதில் தீப்பிடிக்காது, பிடித்தால் அணைவதும் இல்லை. கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் 1990 பிப்ரவரியில் ஒரு டயர்க் கிடங்கு 17 நாள் எரிந்தது, உருகி வழிந்த எண்ணெய் மண்ணுக்குள் இறங்கியது. இந்தத் தோட்டத்தில் ஓய்வு பெறும் டயர்களில் மண்ணைத் தட்டி, கழுவி, காயவைத்து, கூரைக்கடியில் நிமிர்த்தி நிறுத்துகிறார்கள், கொஞ்சம் சேர்ந்ததும் மறுசுழற்சிக்கு எடுப்பவர் வந்து ஏற்றிக்கொண்டு போகிறார்.